மர்ம நாவலும் வாய்தா தேதியும்

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயிலில் இருபது ஆண்டு, முப்பது ஆண்டு வேலைக்குப் போய்வந்த தோழர்கள் நம்மிலே ஏராளம். அவர்களுக்கு மர்ம நாவலைப் பற்றி நாம் சொல்லித்தரத் தேவையில்லை. ஸ்டேஷன் கடையில் தொங்கும் பாக்கெட் நாவலை வாங்கி ஏறினால் சைதாப்பேட்டையில் பிணம், பரங்கிமலையில் துப்பு, பல்லாவரத்தில் சந்தேகம்; சானடோரியம் வருமுன் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். தமிழ்வாணனின் சங்கர்லாலைப் படித்தவர்கள் அப்பாக்கள். ராஜேஷ்குமாரைப் படித்தவர்கள் பிள்ளைகள். அதிலே தவறொன்றுமில்லை. எட்டு மணி நேரம் எந்திரத்தோடு மல்லுக்கட்டியவனுக்கு அரை மணி நேரப் பொழுதுபோக்கும் கூடாது என்று சொல்ல நாம் சாமியார் மடம் நடத்தவில்லை.

ஆனால் இன்று நாம் பேசப்போகும் நாவல் வேறு வகை. அதிலே துப்பறிவாளர் இல்லை. கொலைகாரன் யார் என்ற கேள்வியும் இல்லை. அடிப்பவன் யார் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. அடிபட்டவள் தப்பித்துவிட்டாள் என்பதும் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. எல்லாம் தெரிந்த பிறகும், பக்கத்தைப் புரட்டக் கை நடுங்குகிறது. இன்று மாலை அவன் வீட்டுக்கு வரும்போது என்ன முகத்தோடு வருவான் என்று அவளோடு சேர்ந்து நாமும் காத்திருக்கிறோம். வாசற்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் நமக்கே வயிறு கலங்குகிறது.

சென்னையில் பிறந்த மீனா கந்தசாமி அவர்கள் ஆங்கிலத்தில் எழுதி 2017-ல் வெளிவந்த நாவல் அது. ‘வென் ஐ ஹிட் யூ’ என்று பெயர். ‘நான் உன்னை அடிக்கும்போது’ என்று நாம் பொருள் கொள்ளலாம். பெண்கள் எழுதும் நாவல்களுக்கு இங்கிலாந்தில் தரப்படும் பெரும் பரிசின் இறுதிப் பட்டியலில் 2018-ல் அது இடம்பெற்றது. தம் சொந்த மணவாழ்க்கையில் பட்ட அடியைப் பற்றி 2012-லேயே ஓர் ஆங்கில வார இதழில் வெளிப்படையாக எழுதியவர் அவர். ஆகவே கற்பனை எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று அளந்து பார்ப்பது நம் வேலையல்ல. நாவலாகவே எடுத்துக்கொள்வோம்.

கதை இதுதான். எழுத்தாளரான ஓர் இளம்பெண் கல்லூரி ஆசிரியர் ஒருவரை மணந்து மங்களூருக்குப் போகிறாள். அந்த ஊர் மொழி அவளுக்குத் தெரியாது. பேச ஆளில்லை. முதலில் அவள் முகநூலை விட்டு வெளியேற வேண்டும் என்கிறான். மறுத்தால் தீக்குச்சியைக் கிழித்துத் தன் உடம்பையே சுட்டுக்கொள்கிறான். பிறகு அவளுடைய மின்னஞ்சலின் கடவுச்சொல் அவன் கைக்குப் போகிறது. அவளுக்கு வரும் கடிதங்களுக்கு அவனே பதில் எழுதுகிறான். பிறகு உடை, நடை, எழுத்து, எல்லாவற்றுக்கும் அவன் சட்டம். பிறகு அடி. இந்த வரிசையைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். அடி முதலில் வரவில்லை, கடைசியில்தான் வந்தது. வாயையும் வாசலையும் அடைத்த பிறகு கையை ஓங்குகிறான்.

சரி, இதைக் கட்சிப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. அந்தக் கணவன் முதலாளி அல்ல, மிட்டா மிராசு அல்ல, மடாதிபதி அல்ல. அவன் தன்னைப் புரட்சிக்காரன் என்று சொல்லிக்கொள்பவன்! ஏழைக்காகப் பேசுகிறவன், வர்க்கம் என்றும் விடுதலை என்றும் வாய் ஓயாமல் முழங்குகிறவன். அவள் எழுதினால் அது நடுத்தர வர்க்கப் புத்தி என்கிறான்; ஆங்கிலத்தில் எழுதினால் அடிமைப் புத்தி என்கிறான்; அழுதால் சுயவிமர்சனம் செய் என்கிறான். மேடையில் நாம் ஏந்தும் சொற்களையெல்லாம் அவன் வீட்டுக்குள் பெல்ட்டாக்கிக்கொள்கிறான். சாதி வெறியன் ஒருவன் பெண்டாட்டியை அடித்தால், “பார்த்தாயா அவர்கள் யோக்கியதையை” என்று நாம் நான்கு பத்தி எழுதிவிட்டுத் தூங்கிவிடலாம். இந்த நாவலைப் படித்துவிட்டு அப்படித் தூங்க வழியில்லை.

மங்களூர்க் கதை மங்களூரோடு போகட்டும், நம் பக்கத்தில் என்ன என்று கேட்பவர்களுக்குக் கணக்கு ஒன்று சொல்லுவோம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் 38! சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் தெருவை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டுப் போனவர்கள் 100-க்கு 14 பேர்தான். 77 பேர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? திறந்தால் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான்.

பெருங்களத்தூரிலோ, பம்மலிலோ, சேலையூரிலோ ஒரு பெண் அடிதாங்காமல் கிளம்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தாய்வீடு. “ரெண்டு நாள் இருந்துட்டுப் போம்மா, அவரு கோபம் தணியட்டும்” என்பார்கள். நாவலிலும் அப்படித்தான், தொலைபேசியில் பெற்றோர் பொறுமை, பொறுமை என்று மட்டுமே சொல்கிறார்கள். மகள் மீண்டு வந்த பிறகு, அந்தத் தாய் ஊராரிடம் சொல்லும் கதை என்ன தெரியுமா? மகளின் குதிகால் வெடித்துக் கிடந்ததும், தலையில் பேன் மண்டிக் கிடந்ததும்! அதை எத்தனை பாடுபட்டு எடுத்தேன் என்பது அந்தத் தாயின் பெருமை. அடி பட்டதை நேராகச் சொல்ல நாக்கு வராத குடும்பம், பேனைச் சொல்லிச் சமாளிக்கிறது. நாவலில் இந்தப் பக்கங்களைச் சிரித்துக்கொண்டு படிக்கலாம். படித்து முடித்த பின் சிரிப்பு வராது.

தாய்வீட்டில் தீராவிட்டால் அடுத்தது எங்கே? இங்கேதான் நாம் வருகிறோம். வட்டச் செயலாளர் வருகிறார், கிளைத் தோழர் வருகிறார், சங்கத்துப் பெரியவர் வருகிறார். டீ வருகிறது. கணவனைக் கூப்பிட்டு, “ஏம்ப்பா, குடிச்சிட்டு இப்படி நடந்துக்கலாமா?” என்று கேட்கிறார்கள். அவன் தலையைத் தொங்கப்போடுகிறான். பிறகு பெண்ணைப் பார்த்து, “யம்மா, புள்ளைங்க முகத்தைப் பாரும்மா, அடிக்கிற கைதான் அணைக்கும், கொஞ்சம் அனுசரிச்சுப் போ” என்கிறார்கள். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பேரிடமும் கையெழுத்து. சமாதானம் ஆயிற்று! பெண் அதே வீட்டுக்கு, அதே அறைக்கு, அதே ஆளோடு திரும்பிப் போகிறாள். “என்னைப் பத்தி ஊர்ல சொன்னியா?” என்பதுதான் அன்றிரவு அவளுக்குக் கிடைக்கும் முதல் வரவேற்பு.

தொழிலாளத் தோழர்களே! உங்களை ஒன்று கேட்கிறோம். ஆலையில் உள்விசாரணை என்று ஒன்று நடக்குமே, அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குற்றம் சாட்டுவது நிர்வாகம், விசாரிப்பவர் நிர்வாகம் அமர்த்திய ஆள், சாட்சி நிர்வாகத்தின் ஆள், தீர்ப்பு எழுதுவது நிர்வாகம். “இது விசாரணையா, நாடகமா?” என்று கேட் வாசலில் நின்று முழக்கமிட்டோமா இல்லையா? அப்படியிருக்க, அடித்தவனின் நண்பர்கள், அடித்தவனோடு கொடி பிடிப்பவர்கள், அடித்தவனிடம் அடுத்த தேர்தலில் வேலை வாங்கவேண்டியவர்கள், நான்கு ஆண்கள் கூடி உட்கார்ந்து ஒரு பெண்ணை விசாரிப்பதற்கு என்ன பெயர் வைப்பது? உள்விசாரணை என்றே வைக்கலாம். கட்டப் பஞ்சாயத்து என்றாலும் சரி.

மேஸ்திரி ஒரு தொழிலாளியின் கன்னத்தில் அறைந்தால் அந்த ஷிப்டே நின்றுபோகும். அறை வாங்கியவன் குடித்திருந்தானா, வேலையில் தவறு செய்தானா, எதிர்த்துப் பேசினானா என்று நாம் கேட்பதில்லை. கை நீட்டியது தவறு. மன்னிப்புக் கேட்கும் வரை எந்திரம் ஓடாது. இது நம் வழக்கம், பெருமைக்குரிய வழக்கம். அதே தொழிலாளி மாலையில் வீட்டில் தன் மனைவியை அறைந்தால், “அவ என்ன பண்ணினாளோ” என்று நம்மில் ஒருவர் சொல்லுகிறார். அவள் என்ன பண்ணினால் என்ன?

குடியைக் காரணம் சொல்லுவார்கள். சில்லறை மது வியாபாரத்தை அரசே 2003-ல் கையில் எடுத்தது. அதைப் பற்றி நம்முடைய கருத்தைப் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆனால் குடித்தவன் எல்லாரும் இன்ஸ்பெக்டரை அடிப்பதில்லை, சூபர்வைசரை அடிப்பதில்லை. எவ்வளவு போதையிலும் யாரை அடித்தால் திருப்பி அடி விழாது என்ற கணக்கு மட்டும் அவனுக்குத் தப்புவதில்லை. நாவலில் வரும் ஆசிரியருக்குத் தேவைப்பட்டது சாராயமல்ல, தத்துவம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அடிபட்ட பெண்ணுக்குச் சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1983-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 ஆம் பிரிவுகளாக இருக்கிறது. தமிழ்நாட்டில் முன்னோடியாக 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பிறகு தாம்பரம் உட்பட ஊர் ஊராக வந்தது. 2005-ல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடப்புக்கு வந்தது. இந்தக் கடைசிச் சட்டத்தைத்தான் நம் தோழர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும் என்கிறோம். ஏனென்றால் இது கணவனை ஜெயிலுக்கு அனுப்பத் தொடங்கும் சட்டமல்ல. மனைவியை வீட்டில் நிம்மதியாக இருக்கவிடச் செய்யும் சட்டம்.

அதிலே என்ன இருக்கிறது? உடம்பில் விழும் அடி மட்டும் வன்முறை அல்ல என்கிறது. வசைமொழியும் வன்முறை, அச்சுறுத்தலும் வன்முறை, விருப்பமின்றித் தொடுவதும் வன்முறை, அவள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் வன்முறை, வீட்டுச் செலவுக்குக் காசு தராமல் பட்டினி போடுவதும் வன்முறை. பெண் நேராகவோ, மாவட்டச் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். தாம்பரத்துப் பெண் தாம்பரத்துக் கோர்ட்டிலேயே கொடுக்கலாம். அவளை அடிக்கக் கூடாது, அவள் வேலை செய்யும் இடத்துக்கு வந்து நிற்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் கணவனுக்கு உத்தரவிடலாம். மீறினால்தான் சிறை, ஓராண்டு வரை. சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி வளாகத்தில், அதுதான் மெப்ஸ் என்கிறோமே, ஷிப்டு முடித்துத் திரளாக வெளிவரும் பெண்களுக்கு இதன் அருமை தெரியும். கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் மாமியார் வீட்டாரையும், பஸ் ஸ்டாப்பில் முடியைப் பிடிக்கும் கணவனையும் பார்த்தவர்கள் அவர்கள்.

இன்னொன்று: வீடு. “போடி வெளியே, இது எங்கம்மா பேர்ல இருக்கிற வீடு” என்பதுதான் நம் பக்கத்து ஆண்மகனின் கடைசி ஆயுதம். இரண்டு சென்ட் மனையில் அப்பன் கட்டிய வீடு, அம்மா பேரில் பட்டா. மருமகளுக்கு அதில் என்ன பாத்தியதை என்று கேட்பார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. கணவனோடு சேர்ந்து குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார், மாமியார் பேரில் இருந்தாலும், அதில் தங்கும் உரிமையை மருமகள் கேட்கலாம். வீடு அவளுக்குச் சொந்தமாகிவிடாது. ஆனால் இரவு பத்து மணிக்குப் பிள்ளையும் பையுமாகத் தெருவில் தள்ளுவதற்கும் எவருக்கும் உரிமை கிடையாது.

ஏட்டில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. மனு வந்து சேர்ந்த நாளிலிருந்து சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, முதல் விசாரணையிலிருந்து அறுபது நாளுக்குள் முடித்துவைக்க முயல வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. முயல வேண்டும்! அந்தச் சொல்லிலேதான் வாய்தா நுழைகிறது.

நாவலாசிரியர்கள் கட்டும் மர்மமெல்லாம் இந்த வாய்தாவுக்கு முன்னால் தூசு. இன்று எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் சேரவில்லை. வீடு மாறிப் போய்விட்டார். அடுத்த தேதிக்கு அவருடைய வக்கீல் வரவில்லை. அதற்கடுத்த தேதியில் பதில் மனுத் தாக்கல் செய்ய அவகாசம். அடுத்தது நீதிபதி விடுப்பு. அடுத்தது வக்கீல்கள் புறக்கணிப்பு. அடுத்தது சமரசத்துக்கு அனுப்பலாம். இதற்கிடையே அவன் தன் பங்குக்கு மணவிலக்கு வழக்கோ, “என் மனைவி என்னோடு வந்து வாழ வேண்டும்” என்ற வழக்கோ போட்டுவைப்பான். அடித்து விரட்டியவனே வந்து வாழச் சொல்லி வழக்குப் போடும் விந்தையை எந்த மர்ம எழுத்தாளரும் கற்பனை செய்யத் துணியமாட்டார்! ஒரு வழக்கு தாம்பரத்தில், ஒரு வழக்கு செங்கற்பட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் என்றால் அந்தப் பெண்ணின் மாதத்தில் இரண்டு நாள் கூலி போயிற்று. ரயில் கட்டணம், வக்கீல் குமாஸ்தாவுக்கு, நகல் எடுக்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. எதிர்வரிசையில் அவன் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். வழக்குப் போட்டு அவள் விட்டு விலகிய முகத்தை, வழக்கு நடக்கும் காலமெல்லாம் மாதந்தோறும் பார்க்கவேண்டியிருக்கிறது.

இந்த வித்தை நமக்குப் புதிதா, தோழர்களே? வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளியை முதலாளி எப்படித் தோற்கடிக்கிறான்? வாதத்திலா? இல்லை. இழுத்தடித்து! தொழிலாளர் கோர்ட்டில் ஐந்து ஆண்டு, மேல்கோர்ட்டில் ஐந்து ஆண்டு. அதற்குள் தொழிலாளி கடனாளி ஆவான், பிள்ளையின் படிப்பு நிற்கும், கடைசியில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவான். குரோம்பேட்டைத் தோல் தொழிலிலும், பல்லாவரத்துப் பட்டறைகளிலும், மூடிக்கிடந்த ஆலைகளின் வாசலிலும் இதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். முதலாளி நம்மீது வீசிய அதே ஆயுதத்தை, அதே கூர்மையோடு, அதே பொறுமையோடு, நம்மில் ஒருவன் தன் பெண்டாட்டிமீது வீசுகிறான். “நடக்கட்டும் வழக்கு, எத்தனை நாளைக்கு இழுக்கிறாள் பார்ப்போம்” என்று டீக்கடையில் சொல்லுகிறான். நாமும் சிரித்துக்கொண்டு டீ குடிக்கிறோம்.

ஜீவனாம்சத்தின் கதையும் இதே ரகம்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 144. மாதம் 500 ரூபாய்க்கு மேல் தரக் கூடாது என்றிருந்த உச்சவரம்பு 2001-ல் நீங்கியது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்ற விதியும் அப்போதே வந்தது. சஸ்பென்ஷனில் இருக்கும் தொழிலாளிக்குப் பிழைப்பூதியம் எப்படியோ, அப்படித்தான் இந்த இடைக்கால ஜீவனாம்சம். அதைத் தராமல் விசாரணை நடத்துவது பட்டினி போட்டு வாக்குமூலம் வாங்குவதற்குச் சமம் என்று நாம் வாதாடியிருக்கிறோம். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போயிற்று: இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. அதாவது வாய்தா வாங்கி இழுத்தால் லாபமில்லை, பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

ஆனால் பிரமாணப் பத்திரத்தில் என்ன எழுதுகிறார்கள்? ஓவர்டைம் இல்லை, போனஸ் இல்லை, சீட்டு இல்லை, வீட்டு வாடகை வருமானம் அண்ணன் பேரில். சில பேர் வேலையையே விட்டுவிட்டதாக எழுதுகிறார்கள். தெரிந்த கான்ட்ராக்டரிடம் குறைந்த சம்பளத்துக்குச் சீட்டு வாங்கித் தருவதற்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். முதலாளி கணக்கேட்டை மறைத்து நஷ்டம் காட்டினால் நாம் விடுவோமா? போனஸ் பேச்சுவார்த்தையில் லாப நஷ்டக் கணக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த சங்கத்தார், தோழன் ஒருவன் பிள்ளையின் பாலுக்கு நஷ்டக் கணக்குக் காட்டும்போது கண்ணை மூடிக்கொள்வது என்ன நியாயம்?

“பொய் வழக்குகள் இல்லையா? அப்பாவிக் கணவனும், வயதான தாயும் ஸ்டேஷனில் நிற்கவில்லையா?” என்று கேட்பார்கள். நின்றிருக்கிறார்கள். பொய் வழக்கு எந்தச் சட்டத்தில்தான் இல்லை? அதனால்தான் 498ஏ வழக்கில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது, காரணத்தை எழுதிக் காட்ட வேண்டும் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் போலீசைக் கட்டிப்போட்டது. அது சரியான தீர்ப்பு. தொழிலாளியும் போலீஸ் கைதின் ருசியை அறிந்தவன்தான். ஆனால் பொய் வழக்கு ஒன்று இருப்பதைக் காட்டி, மெய்யாக அடிபட்ட ஒருத்தியின் வாயை அடைப்பது எந்த ஊர் வழக்கம்? தொழிலாளி ஒருவன் பொய்யாக மருத்துவ விடுப்பு எடுத்தான் என்பதற்காகத் தொழிலாளர் ஈட்டுறுதியே வேண்டாம் என்று முதலாளி சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

குடும்ப நீதிமன்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1984-ல் அதற்கான சட்டத்தை இயற்றியபோது நல்ல நோக்கம் இருந்தது. சாதாரணக் கோர்ட்டின் வம்பு வேண்டாம், வக்கீலை வைத்தே தீரவேண்டிய கட்டாயம் வேண்டாம், நீதிபதி முதலில் சமரசத்துக்கு முயலட்டும் என்றார்கள். கருத்து வேற்றுமையால் பிரிந்தவர்களுக்கு அது பொருந்தும். சோற்றுக்கும் சேலைக்கும் வந்த சண்டை, மாமியார் மருமகள் சண்டை, சம்பளச் சண்டை: உட்கார்ந்து பேசினால் தீரலாம். ஆனால் கழுத்தை நெரித்தவனுக்கும் நெரிபட்டவளுக்கும் நடுவில் எதைச் சமரசம் செய்வது? பாதிக் கழுத்தை விட்டுக்கொடு என்பதா? அடி என்று சொல் வந்தவுடன் சமரசக் கோப்பை மூடிவைக்க வேண்டும் என்பது நம் கருத்து. இங்கிலாந்தில் 2015-லேயே, அடிக்காமல் மனைவியை அடக்கி ஒடுக்கி ஆட்டிவைப்பதையும் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கிவிட்டார்கள். கடவுச்சொல்லைப் பிடுங்கியதும், வெளியே போகாமல் தடுத்ததும், காசை எண்ணி எண்ணிக் கொடுத்ததும் அங்கே குற்றப்பத்திரிகையில் வரும். நம் 2005 சட்டத்திலும் இதற்கெல்லாம் இடமுண்டு. ஆனால் காயம் எங்கே, ரத்தம் எங்கே என்று தேடும் கண்ணுக்கு இவை தெரிவதில்லை.

இதையெல்லாம் பேச நமக்கு என்ன தகுதி என்று கேட்டால், இருக்கிறது. செங்கற்பட்டு என்ற பெயர் இன்று குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும் பெண்ணுக்கு வாய்தா ஊராகத் தெரிகிறது. அதே செங்கற்பட்டில்தான் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும், ஒத்துவராத மணத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கேட்டவர்கள் அன்று சிரித்தார்கள். ஒருதார மணத்துக்கும் மணவிலக்குக்கும் வழிசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949-ல் வந்தது. சுயமரியாதைத் திருமணம் 1967-ல் சட்டமாயிற்று. மகளுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-ல் வந்தது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 60 ஆண்டு. தாலியில்லாமல், புரோகிதர் இல்லாமல், இருவரும் சரிநிகர் துணைவர் என்று உறுதிமொழி படித்து மணம் செய்துகொண்ட தோழர்கள் நம்மிலே ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த உறுதிமொழித் தாள் சில வீடுகளில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றுதான் சிலர் கை ஓங்குகிறார்கள்.

ஆகவே கிளைகளுக்கும் சங்கங்களுக்கும் சிலவற்றைச் சொல்லுகிறோம்.

அடிபட்டேன் என்று ஒரு பெண் படிப்பகத்துக்கோ சங்க அலுவலகத்துக்கோ வந்தால், பஞ்சாயத்துக்கு நாற்காலி போடாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரி, காயத்தை எழுதிவைக்கச் சொல்லுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துப் போங்கள்; நடந்ததை அவர் அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். வக்கீலுக்குக் காசில்லை என்றால், பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு என்று பாராமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரவேண்டும் என்று 1987 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஜீவனாம்சப் பாக்கியை, அது சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டுக் கேட்காவிட்டால் வாரண்டு கிடைக்காது. இது தெரியாமல் பாக்கியைப் பறிகொடுத்த பெண்கள் உண்டு. கணவன் வழக்கைத் தூரத்து ஊரில் போட்டு அலைக்கழித்தால், தான் குடியிருக்கும் ஊரிலேயே மணவிலக்கு மனுப் போட மனைவிக்கு 2003 முதல் உரிமை இருக்கிறது என்பதையும் சொல்லிவையுங்கள்.

அடித்தவன் நம் ஆள் என்றால்? அவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட நம் நிர்வாகிகள் ஓடக் கூடாது. கோர்ட்டுக்கு அவன் பின்னால் இருபது பேர் போய் நிற்கக் கூடாது. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுச் சாட்சி வாய் திறக்காமல் திரும்பிப் போகிறது. சம்பளச் சீட்டைத் திருத்தித் தரும் வேலை எந்த நண்பர் செய்தாலும் அது பொய்ச் சாட்சி. வழக்கு முடியும் வரை அவனை மேடையில் ஏற்றாதீர்கள். “நல்ல பேச்சாளர், கட்சிக்கு உழைத்தவர்” என்பார்கள். அந்த நாவலில் வரும் ஆசிரியரும் நல்ல பேச்சாளர்தான்.

பெண்ணோடு போக ஆளில்லை என்பதுதான் பல வழக்குகள் பாதியில் நிற்கக் காரணம். தாம்பரத்தில் காலை ரயில் ஏறும் அவளோடு மகளிரணித் தோழியர் ஒருவர் ஏறட்டும். வழக்கு நிச்சயமாக வரப்போகும் நேரம் யாருக்கும் தெரியாது. பத்தரைக்குப் போனால் நாலரை வரை காத்திருக்க நேரலாம். சோறு கட்டிக்கொண்டு போங்கள், பிள்ளைக்கு ஒரு பொம்மை எடுத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டதும் வழக்கு எண்ணையும் அடுத்த வாய்தா தேதியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து அலுவலகத்தில் மாட்டுங்கள். அந்தத் தேதிக்கு யார் போவது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.